மங்கல வழக்கும் மரண அறிவித்தலும்: கொழும்புத் தமிழ் வாழ்வில் ஒரு வரலாற்று நோக்கு

மரணத்தை அதன் நேர்ப்பெயராற் சுட்டத் தயங்குதல் மனிதருக்குப் பொதுவான இயல்பாகும். ஆங்கிலம் பேசுவோர் இறந்தவரைக் 'கடந்து சென்றார்' என்பர். நகையாடும்போது 'வாளியை உதைத்தான்' என்பர். தமிழர் 'காலமானார்' என்பர். வெறுப்பு மேலிடும்போது 'மண்டையைப் போட்டான்' என்பர். மரியாதைக்கு ஒரு சொல்லும் ஏளனத்துக்கு ஒரு சொல்லும் இரு மொழிகளிலும் உண்டு. எனினும் அச்சொற்கள் பிறந்த சூழல்கள் வேறானவை. அவை மறைப்பவையும் மறையாது விடுபவையும் வேறானவை.

கொழும்பு மாநகரில் இவ்விரு மொழிகளும் இரண்டு நூற்றாண்டுகளாக அருகருகே வழங்கி வந்துள்ளன. வெள்ளவத்தையில் ஒரே வீட்டிலிருந்து ஒரே மரணத்துக்கு ஆங்கிலப் பத்திரிகைக்கு ஓர் அறிவித்தலும் தமிழ்ப் பத்திரிகைக்கு இன்னோர் அறிவித்தலும் செல்வது வழக்கமாயிருந்தது. கொட்டாஞ்சேனையில் சைவரும் கத்தோலிக்கரும் ஒரே தெருவில் வாழ்ந்து, அயல்வீட்டு மரணத்தைத் தத்தம் சமயச் சொற்களாற் குறித்தனர். ஆகவே மரணம் பற்றிய சொல்வழக்குகளின் வரலாற்றை ஆராய்வதற்கு இந்நகர் தகுந்த களமாகும். அவ்வரலாற்றினூடே ஒரு வினாவும் தொடர்ந்து வருகின்றது. சொல்லை மென்மையாக்குதல் எங்கே முடிகின்றது? செய்தியை மறைத்தல் எங்கே தொடங்குகின்றது?

இலக்கணிகள் கண்ட மங்கலம்

இவ்வினாவுக்குத் தமிழ் இலக்கண மரபு மிகப் பழைய காலத்திலேயே ஒரு விடையைக் கோடிட்டுக் காட்டியுள்ளது. தகுதிபற்றி வரும் வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகையாகப் பகுத்தது நன்னூல். அவையிற் கூறத்தகாததை மறைத்துக் கூறுவது இடக்கரடக்கல். மங்கலமில்லாததை ஒழித்து மங்கலமாகக் கூறுவது மங்கலம். ஒரு குழுவினர் தமக்குள் வழங்குவது குழூஉக்குறி. மங்கலத்துக்கு உரையாசிரியர்கள் தொன்றுதொட்டுக் காட்டி வந்த எடுத்துக்காட்டுகளில் இரண்டு மரணத்தைச் சார்ந்தவை. செத்தாரைத் துஞ்சினார் என்பது ஒன்று. சுடுகாட்டை நன்காடு என்பது மற்றொன்று. துஞ்சுதல் என்பதன் நேர்ப்பொருள் உறங்குதல்.

இத் 'துஞ்சுதல்' மன்னர் பெயர்களில் வழங்கிய முறை கவனத்துக்குரியது. புறநானூற்றுக் குறிப்புகளில் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவன், வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் முதலிய பெயர்கள் காணப்படுகின்றன. ஒரே பெயருடைய மன்னர் பலராயிருந்தமையால் அவர்களை வேறுபடுத்தி அறிவதற்கு இறந்த இடம் அடையாளமாயிற்று. சோழர் கல்வெட்டுகளிலும் இம்முறை தொடர்ந்தது. சுந்தரசோழன் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' எனப்பட்டான். 949ஆம் ஆண்டில் தக்கோலப் போரில் யானைமீதிருந்தவாறே கொல்லப்பட்ட இராசாதித்தன் 'ஆனைமேற்றுஞ்சின தேவர்' எனப்பட்டான்.

போர்க்களத்தில் யானைமீது கொல்லப்பட்ட ஒருவனை உறங்கினான் எனக் கூறுவது மேலோட்டமாக நோக்குவோர்க்கு உண்மையை மூடுவதாகத் தோன்றலாம். ஆயின் 'ஆனைமேல்' என்னும் சொல் அத்தொடரில் நிற்கும்வரை அங்கு எதுவும் மூடப்படவில்லை. அவன் அரண்மனைப் படுக்கையில் இறக்கவில்லை என்பதைக் கல்வெட்டைப் படிப்போர் அனைவரும் அறிவர். வினை மென்மையானது, இடமோ துல்லியமானது. மங்கலம் சொல்லைப் போர்த்தது; செய்தியைப் போர்த்தவில்லை. தமிழ் மங்கல வழக்கின் அடிப்படைப் பண்பு இதுவே எனலாம்.

ஆங்கில வழக்குகளின் தோற்றம்

ஆங்கில மரபுத்தொடர்களை ஒப்புநோக்கும்போது அவை பல ஊற்றுகளிலிருந்து வந்து கலந்தவை என்பது புலனாகும். முதலாவது ஊற்று சமயம். 'ஆவியைக் கொடுத்துவிடுதல்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடர் 16ஆம் நூற்றாண்டின் விவிலிய மொழிபெயர்ப்புகளால் நிலைபெற்றது. இன்று பேயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அக்காலத்தில் உயிர்மூச்சையும் குறித்தது. தமிழிலும் 'ஆவி' என்பது மூச்சு, உயிர், நீராவி, இறந்தோரின் உரு ஆகிய யாவற்றையும் குறிக்கின்றது. ஆகவே 'ஆவி துறந்தார்' என்ற தமிழ்த்தொடரும் மேற்கூறிய ஆங்கிலத் தொடரும் ஒன்றிலிருந்து ஒன்று பிறவாமலே ஒத்து நிற்கின்றன.

இரண்டாவது ஊற்று கிரேக்க, இலத்தீன் இலக்கியம். வீழ்ந்த வீரன் புழுதியைக் கடிக்கின்றான் என்ற படிமம் ஓமரின் இலியத்துக் காவியத்திலேயே உண்டு. இறந்தவர் பெரும்பான்மையினரோடு போய்ச் சேர்ந்தார் என்பது உரோமர் வழக்கு. இருப்போரிலும் இறந்தோரே பலர் என்பது அதன் உட்கிடை. இத்தகைய ஒப்புமைகள் மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றவும் வல்லவை. புழுதியைக் கடித்தல் தமிழின் 'மண்ணைக் கவ்வுதல்' போன்றே தோன்றும். ஆயின் தமிழில் மண்ணைக் கவ்வியவன் இறந்தவன் அல்லன், தோற்றவன். தேர்தலில் மண்ணைக் கவ்வியவர் அடுத்த தேர்தலிலும் நிற்பார்.

மூன்றாவது ஊற்று தெருவும் தொழிற்களமும். 'வாளியை உதைத்தான்' என்ற தொடரை 1785இல் பிரான்சிஸ் குரோஸ் என்பார் தாம் தொகுத்த கொச்சைச்சொல் அகராதியில் மரணத்தைக் குறிப்பதாகப் பதிவு செய்துள்ளார். அறுத்த பன்றியைக் கால்வழியே தொங்கவிடும் மரச்சட்டத்துக்கு இங்கிலாந்தின் சில வட்டார வழக்குகளில் அப்பெயர் வழங்கியதென்றும், பன்றியின் கால் அதில் உதைபடுவதே தொடரின் பிறப்பிடமென்றும் ஒரு விளக்கம் உண்டு. 'மண்டையைப் போட்டான்', 'வாயைப் பிளந்தான்' என்னும் தமிழ்த் தொடர்கள் இவ்வினத்தைச் சேர்ந்தவை. இவற்றைச் செத்தவீட்டில் எவரும் சொல்லார். இறந்தவர்மீது பரிவில்லாத இடத்திலோ, மரணத்தின் அச்சத்தைச் சிரிப்பால் தணிக்கவேண்டிய இடத்திலோ மட்டுமே இவை வழங்கும்.

கொழும்பில் 1835இல் தோன்றிய றோயல் கல்லூரி, 1865இல் கொட்டாஞ்சேனையில் தோன்றிய புனித பெனடிக்ற் கல்லூரி முதலிய நிறுவனங்களில் ஆங்கிலம் கற்ற தமிழர் இம்மரபுத்தொடர்களைப் பாடமாகவே பயின்றனர். ஆயினும் 'வாளியை உதைத்தான்' என்பது பாடப்புத்தகத்தைத் தாண்டித் தமிழ்ப் பேச்சுக்குள் வரவில்லை. நகைச்சுவைத் தொடர்கள் மொழி எல்லையைக் கடப்பது அரிது. எல்லையைக் கடந்தவை மரியாதைத் தொடர்களே. 'இறுதி மரியாதை', 'ஈடுசெய்ய முடியாத இழப்பு', 'ஆழ்ந்த அனுதாபம்' என இன்று தமிழ்ப் பத்திரிகைகளில் இயல்பாக வழங்குவன ஆங்கில இரங்கல் மொழியின் சாயலைத் தெளிவாகக் கொண்டவை.

கொழும்பின் சமயங்களும் சொற்களும்

கொழும்புத் தமிழின் மரணச் சொற்களில் ஆங்கிலத்துக்கு முந்திய படைகளும் உள. கொட்டாஞ்சேனைக்கு அருகே உயர்நிலத்தில் ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்கு அர்ப்பணித்த வுல்வெண்டால் தேவாலயம் உள்ளது. 1813ஆம் ஆண்டிற் கோட்டைப் பகுதியிலிருந்த பழைய ஒல்லாந்தத் தேவாலயத்தின் கல்லறைக் கற்களும் எச்சங்களும் இங்குக் கொண்டுவரப்பட்டன. இறந்தவர் பெயர், பதவி, பிறந்த ஊர், இறந்த நாள் ஆகியவற்றைக் கல்லிலே பொறித்து நிலைநிறுத்தும் ஐரோப்பிய வழக்கைக் கொழும்பு மக்கள் இத்தகைய கற்களிற் கண்டனர். இலங்கையிலுள்ள ஐரோப்பியக் கல்லறைப் பொறிப்புகளைத் திரட்டி ஜே. பி. லூயிஸ் 1913இல் வெளியிட்ட தொகுப்பு, இவ்வகைக் கற்கள் வரலாற்றாய்வுக்கு எத்துணைப் பயனுடையன என்பதைக் காட்டிற்று.

இறந்தோரைப் புதைக்கும் இடத்துக்குக் கிறித்தவ ஐரோப்பா வழங்கிய பெயரே ஒரு மங்கலச் சொல்லாகும். ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துக்கேயம் ஆகிய மொழிகளில் மயானத்தைக் குறிக்கும் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அதன் பொருள் 'உறங்குமிடம்'. புதிய ஏற்பாட்டில் இறந்தோர் துயின்றோர் எனக் கூறப்படுவதும் இதனோடு இயைந்தது. தமிழ்ப் புரட்டஸ்தாந்தரின் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்ற தொடர் இம்மரபின் வழியது. கிரேக்க மொழியும் பழந்தமிழும் தொடர்பின்றியே ஒரே படிமத்தைக் கண்டுகொண்டன என்பதும், பின்னர் சமயத்தின் வழி அப்படிமம் இரண்டாம் முறையாகத் தமிழுக்குள் வந்தது என்பதும் குறிப்பிடத்தக்கன.

ஈழத்துக் கத்தோலிக்கரிடையே கல்லறை நிலத்துக்கு வழங்கும் பெயர் 'சேமக்காலை'. சேமித்தல் என்பதற்கு ஈட்டிவைத்தல் என்ற பொருளோடு பிரேதத்தைப் புதைத்தல் என்ற பொருளும் பழைய வழக்கில் உண்டு. காத்துவைக்கப்பட்ட உடல் மீண்டும் எழும் என்ற நம்பிக்கையோடு இச்சொல் நன்கு பொருந்திற்று. இறந்தோருக்காக இரக்கும் 'நித்திய இளைப்பாற்றி' என்ற தொடரும் கொட்டாஞ்சேனை இல்லங்களில் நன்கு பழகியது.

சைவர் 'சிவபதமடைந்தார்', 'இறைவனடி சேர்ந்தார்' என்பர். பேச்சுவழக்கில் யாழ்ப்பாணத்தவர் 'மோசம் போனார்' என்றும் 'தவறிவிட்டார்' என்றும் கூறுவர். அவர்தம் செத்தவீட்டு முறைமைகள் சொல்லை மட்டுமன்றிச் சொல்லாமையையும் விதித்தன. வீட்டிலிருந்து புறப்படுபவர் 'போறன்' எனக் கூறாது 'போயிட்டு வாறன்' எனக் கூறுவது தமிழர் பண்பு. செத்தவீட்டிலிருந்து புறப்படுபவரோ அதனைக் கூறாது எழுந்து செல்வர். அவ்வீட்டுக்கு அத்தகைய காரணத்தோடு மீண்டும் வர நேரக்கூடாது என்பதே அம்மௌனத்தின் பொருள்.

தமிழ் பேசும் முஸ்லிம்கள் 'மௌத்து', 'வபாத்தானார்' என்னும் அரபுவழிச் சொற்களையும், இறந்தவர் உடலுக்கு 'ஜனாஸா' என்பதையும், அடக்கும் நிலத்துக்கு 'மையவாடி' என்பதையும் வழங்குகின்றனர். அடக்கம் என்பதோடு 'நல்' என்னும் அடையைச் சேர்த்து 'நல்லடக்கம்' என்பர். நன்காடு என்பதில் உள்ள அடையும் இதுவே.

சிங்களத்தோடு அருகிருந்து வாழ்ந்தமையும் கொழும்புத் தமிழுக்கு ஒரு மங்கலச் சொல்லை அளித்தது. உடலைப் பதப்படுத்திப் பார்வைக்கு வைக்கும் நிறுவனத்தைச் சிங்களவர் 'மல் சாலாவ' என்பர். 'மல்' என்பது மலர். கொழும்புத் தமிழில் அது 'மலர்ச்சாலை' ஆயிற்று. தமிழகத்திலிருந்து வருவோர் இச்சொல்லைக் கேட்டுப் பூக்கடை என எண்ணக்கூடும். கொழும்பில் வளர்ந்தவருக்கோ 'உடல் மலர்ச்சாலையில் வைக்கப்பட்டுள்ளது' என்ற தொடரில் ஐயம் எதுவும் எழாது.

மரண அறிவித்தல் என்னும் வடிவம்

இச்சொற்கள் யாவும் ஒருங்கே வந்து தங்கிய இடம் பத்திரிகையின் மரண அறிவித்தலாகும். 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் கொழும்பில் தோன்றின. அதற்கு முன்னரே 1918இல் தோன்றிய சிலோன் டெயிலி நியூஸ் முதலான ஆங்கில நாளேடுகள் மரண அறிவித்தலுக்கு ஓர் அமைப்பை வகுத்திருந்தன. தமிழ் அறிவித்தல் அவ்வமைப்பைப் பெற்றுத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டது. பின்னர் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை மரண அறிவித்தல்களை வாசிக்கத் தொடங்கியபோது, பத்திரிகை அன்றே சென்றடையாத ஊர்களுக்கும் செய்தி சில மணி நேரத்திற் போய்ச் சேர்ந்தது. அறிவிப்பாளரின் தாழ்ந்த குரலுக்காக வீட்டிலிருந்தோர் பேச்சை நிறுத்திச் செவிகொடுத்தனர்.

அறிவித்தலின் அமைப்பு எளிதில் மாறாதது. ஓர் ஊரைப் பிறப்பிடமாகவும் மற்றோர் ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன நாளிற் காலமானார் என அது தொடங்கும். அடுத்து அன்னார் இன்னாரின் அன்பு மனைவியும் இன்னாரின் பாசமிகு தாயும் இன்னாரின் மாமியும் ஆவார் என உறவுகள் வரிசையாக வரும். ஈமக்கிரியை நடைபெறும் நேரம், உடல் எடுத்துச் செல்லப்படும் மயானம் ஆகியன தொடரும். வெள்ளவத்தை அறிவித்தல்களிற் பெரும்பாலும் பொரளைக் கனத்தை மயானத்தின் பெயரும், கொட்டாஞ்சேனை அறிவித்தல்களில் மாதம்பிட்டி மயானத்தின் பெயரும் இடம்பெறும். உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற வேண்டுகோளுடன் அது முடியும். ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுவதன் காரணமும் ஆழமானது. யாழ்ப்பாணத்து மரபில் மரணச் செய்தியை நேரிற் சென்று சொல்லுதல் கடமை. சொல்லப்படாத உறவினர் மனத்தாங்கல் கொள்வர். எல்லோருக்கும் நேரிற் சொல்ல இயலாத நகர வாழ்விலே அக்கடமையைப் பத்திரிகை ஏற்றுக்கொண்டது.

இவ்வடிவத்தில் வினை ஒன்றே மென்மையானது. காலம் என்பது இயமனையும் குறிக்கும், பொழுதையும் குறிக்கும். காலமானவர் பொழுதோடு பொழுதாய்க் கலந்தவர். அவ்வொரு வினையைச் சூழ்ந்து நிற்கும் ஏனைய சொற்கள் யாவும் பெயர், ஊர், நாள், நேரம், உறவு, இடம் என்பனவாகிய துல்லியமான செய்திகளே. 'ஆனைமேற்றுஞ்சின தேவர்' என்ற கல்வெட்டுத் தொடரின் இலக்கணமே இங்கும் தொழிற்படுகின்றது. இறந்தவர் மறைவின் முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும் நினைவு நூலை ஈழத்தவர் 'கல்வெட்டு' என அழைப்பதும் பொருத்தமுடையதே. கல்லிற் பொறித்த செய்தி தாளுக்கு இடம்பெயர்ந்த பின்னும் பெயர் மாறவில்லை.

சமூக வரலாற்றாய்வாளருக்கு இவ்வறிவித்தல்கள் சிறந்த மூலங்களாகும். பிறப்பிடம், வதிவிடம் என்ற இரு சொற்களுக்கிடையில் ஒரு தலைமுறையின் பெயர்ச்சி அடங்கியுள்ளது. யாழ்ப்பாணக் கிராமம் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தை வதிவிடமாகவும் அமைந்தவை, அரசாங்க உத்தியோகத்தை நாடி வந்த தலைமுறைக்குச் சான்று. வெள்ளவத்தை பிறப்பிடமாகவும் ரொறன்ரோ அல்லது இலண்டன் வதிவிடமாகவும் அமைந்தவை 1983க்குப் பிந்திய வரலாற்றுக்குச் சான்று.

அறிவித்தல் எழுத இயலாத மரணங்கள்

பொரளைக் கனத்தையின் பெயர் 1983இல் வேறொரு வகையில் வரலாற்றில் இடம்பெற்றது. யூலை 23ஆம் திகதி யாழ்ப்பாணம் திருநெல்வேலியிற் கொல்லப்பட்ட 13 படையினரின் உடல்களை மறுநாள் இம்மயானத்தில் அடக்கம் செய்ய ஏற்பாடாகியிருந்தது. அங்குக் கூடிய கூட்டத்திலிருந்தே வன்செயல் தொடங்கிப் பொரளையிலும், தொடர்ந்து வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உட்பட நகரின் பிற பகுதிகளிலும் பரவியது. அதே பொரளைப் பகுதியிலுள்ள வெலிக்கடைச் சிறையில் யூலை 25ஆம் 27ஆம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அவ்வாரத்தில் இறந்தோரின் மொத்தத் தொகைபற்றி அரசாங்கம் கூறியதும் பிறர் கூறியதும் சில நூறு முதல் மூவாயிரம் வரை வேறுபட்டு நிற்கின்றன.

எண்ணிக்கையே இவ்வாறு வேறுபடுவதன் பொருள் என்ன? பெயர், நாள், இடம், உறவு என்னும் செய்திகள் திரட்டப்படாத மரணங்கள் பல இருந்தன என்பதே. அறிவித்தல் கொடுக்க வேண்டிய குடும்பத்தவர் இரத்மலானை விமானத்தளத்திலும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் அகதிகளாயிருந்தனர். பலர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். எரிந்த வீட்டில் இறந்தவரைக் 'காலமானார்' எனக் கூறுதல் எவருக்கும் இயலவில்லை. முதுமையும் நோயும் தந்த மரணத்துக்கே அச்சொல் உரியதாயிருந்தது. இயல்பாக நிகழாத மரணத்துக்கு அதனை வழங்கினால், கொன்றவரை மறைக்கும் சொல்லாக அது மாறிவிடும். கொல்லப்பட்டார் என்ற நேர்ச்சொல்லே அங்கு இறந்தவருக்கு இழைக்கும் மரியாதையாயிற்று.

அடுத்துவந்த போர்க்காலத்தில் ஒவ்வொரு தரப்பும் தன் இறந்தோருக்கெனத் தனிச்சொற்களை ஆக்கிக்கொண்டது. தமிழீழ விடுதலைப் புலிகள் தம் உறுப்பினரின் மரணத்தை 'வீரச்சாவு' என்றும், உடலை 'வித்துடல்' என்றும், அடக்கம் செய்யும் நிலத்தைத் 'துயிலும் இல்லம்' என்றும் வழங்கினர். உறங்குமிடம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் பழந்தமிழ்த் துஞ்சுதலையும் இப்பெயர் ஒருங்கே நினைவூட்டுகின்றது. சிங்களத்தில் அரச படையினர் 'ரணவிரு' எனப் போற்றப்பட்டனர். இரு தரப்பிலும் இச்சொற்களுக்கு உரியவராக இருந்தோர் போராளிகளே. ஆயுதம் ஏந்தாது இறந்த பொதுமக்களுக்கு அத்தகைய தனிச்சொல் எதுவும் வாய்க்கவில்லை.

இன்னும் கடினமான நிலை, மரணமே உறுதிப்படாத நிலையாகும். 1987 முதல் 1989 வரையான காலத்தில் தென்னிலங்கையிற் சிங்கள இளைஞர் பெருந்தொகையாகக் காணாமற்போயினர். வடக்கு கிழக்கிலே தமிழரும், போரின் இறுதியாண்டுகளிற் கொழும்பிலிருந்த தமிழரும் இவ்வாறே காணாமற்போயினர். 2008, 2009ஆம் ஆண்டுகளிற் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 பேர் கடத்தப்பட்டமை தொடர்பான வழக்கு பலரும் அறிந்தது. இலக்கத்தகடில்லாத வாகனங்களில் ஆட்கள் கொண்டுசெல்லப்பட்டமையால் 'வெள்ளை வான்' என்பது அந்நாளிற் கொழும்புத் தமிழில் ஒரு மரபுத்தொடராயிற்று. ஒரு வாகனத்தின் நிறத்தைக் குறிக்கும் அவ்விரு சொற்கள் கேட்டவர் நெஞ்சைத் திடுக்குறச் செய்தன. இது மங்கலமன்று, அச்சத்திற் பிறந்த குழூஉக்குறி.

இவ்வாறு சென்றவர்களின் வீட்டில் 'போயிட்டு வாறன்' என்ற சொல் கூறப்பட்டதோடு நின்றுவிட்டது. வரவில்லை என்பது மட்டும் தெரியும். அத்தகையவரின் மரணத்தைப் பதிவு செய்வதற்கு வழிசெய்யும் தற்காலிகச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. பலர் அதனை ஏற்க மறுத்தனர். மரணச் சான்றிதழ் பெற்றால் ஓய்வூதியமும் காணி உரிமையும் சீர்ப்படக்கூடும்; ஆயின் தேடுதல் முடிந்துவிடும். 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் எனக் கூறாது, இன்னார் காணப்படவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு இடமளிக்கப்பட்டது. இருப்புக்கும் இறப்புக்கும் நடுவிலே ஒரு சொல் தேவை என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அச்சொல்லைப் பற்றியும் பிணக்கு எழுந்தது. 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட அலுவலகத்தின் பெயர் 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்'. 2017 பெப்பிரவரி 20ஆம் திகதி முதல் கிளிநொச்சியில் வீதியோரத்திற் போராட அமர்ந்த தாய்மாரும் உறவினரும் 'காணாமற்போனோர்' என்ற சொல்லை ஏற்கவில்லை. 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றனர். போதல் தானே நிகழ்வது. ஆக்கப்படுதலுக்கு ஆக்கியவர் ஒருவர் வேண்டும். தன்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றியதன் மூலம் அவர்கள் ஒரு வழக்கையே முன்வைத்தனர். ஆர்ஜென்ரீனாவில் 1976இல் ஏற்பட்ட இராணுவ ஆட்சிக்குப் பின் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் சொல்லொன்றைக் கொண்டே போராடினர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. 2018இல் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் தமிழ்ப் பெயரில் 'வலிந்து காணாமலாக்கப்படுதல்' என்ற தொடரே இடம்பெற்றது.

மங்கலச் சொல்லின் பின்னால் நிற்கும் உரிமையை 2020ஆம் ஆண்டு மேலும் விளக்கிற்று. கொவிட் நோயால் இறந்தோர் அனைவரின் உடல்களும் தகனம் செய்யப்பட வேண்டும் என அவ்வாண்டு ஏப்பிரலில் அரசாங்கம் விதித்தது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதற்கு இடமளித்திருந்தும், 2021 பெப்பிரவரியில் இவ்விதி நீக்கப்படும்வரை முஸ்லிம்கள் தம் உறவினரின் உடல்கள் எரிக்கப்படுவதைக் காண நேர்ந்தது. அவர்களுக்கு 'ஜனாஸா நல்லடக்கம்' என்பது அழகுத்தொடர் அன்று. நீராட்டி, கபனிட்டு, தொழுது மண்ணில் வைக்கும் கடமை முழுவதும் அச்சொல்லுள் அடங்கும். கடமையைச் செய்ய இயலாதபோது சொல்லும் வழங்க இயலாததாயிற்று. பின்னர் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியபோது அச்சொல்லும் மீண்டது. 2024இல் அமைச்சரவை இக்கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரியது.

முடிவாக

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மரணம் பற்றிய மென்சொற்கள் பொய்ச்சொற்கள் அல்ல என்பது தெளிவாகும். அவை ஓர் உடன்பாட்டின்மீது நிற்பவை. சொல்பவரும் கேட்பவரும் உண்மையை ஏற்கெனவே அறிந்துள்ளனர். அறிந்த உண்மையை மீண்டும் வன்மையாகக் கூறி நோவு தரவேண்டாம் என்பதே அவ்வுடன்பாடு. ஆங்கிலத்தின் வாளியும் தமிழின் மண்டையும் அதனைச் சிரிப்பால் நிறைவேற்றின. துஞ்சுதலும் நித்திரையும் காலமாதலும் பரிவால் நிறைவேற்றின. மலர்ச்சாலையும் நன்காடும் இடத்தின் கொடுமையை அடையொன்றால் தணித்தன.

உண்மை அறியப்படாத இடத்தில் இவ்வுடன்பாடு நிற்பதில்லை. அங்கு மென்சொல் துணையாகாது, தடையாகும். சோழர் கல்வெட்டை எழுதியவன் 'துஞ்சின' என்ற வினைக்கு முன்னே 'ஆனைமேல்' என எழுதத் தவறவில்லை. வெள்ளவத்தைக் குடும்பம் 'காலமானார்' என்பதற்கு முன்னும் பின்னும் ஊரையும் நாளையும் உறவையும் எழுதத் தவறவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கேட்பவையும் இவையே: எந்த நாள், எந்த இடம், யார் கையில் என்பன. இவை கிடைத்த பின்னரே அவர்களால் ஏதேனும் ஒரு மங்கலச் சொல்லை எழுத இயலும்.

கொழும்பின் பத்திரிகைத் தாள்களில் இன்றும் மரண அறிவித்தல்கள் வெளிவருகின்றன; அயலகத் தமிழரின் அறிவித்தல்கள் இப்பொழுது பெரிதும் இணையத்தில் வெளியாகின்றன. இவை எழுதப்படுவது துயரமே. எனினும் பெயரோடும் நாளோடும் உறவோடும் எழுதப்படுதல் ஒரு பேறு என்பதையும், அப்பேறு கிட்டாதோர் இந்நாட்டில் பல்லாயிரவர் என்பதையும் மரணச் சொற்களின் வரலாறு உணர்த்துகின்றது.